அடுத்து எந்த விமானம் வரவேண்டும்? பிளைட் சிமுலேட்டருக்குப் புதியவர்களுக்கு

பிளைட் சிமுலேட்டருக்கு, அதாவது கணினியில் விமானம் ஓட்டுகிற மென்பொருளுக்கு, புதிதாக வருகிறவர்களுக்கு விமானம் ஓட்டுவது ஒரு கிழமையில் ஓரளவு பிடிபட்டுவிடும். பிடிபடாமல் இருப்பது வேறொன்று. இங்கே இருக்கிறவர்கள் ஏன் எந்த நேரமும் அடுத்து எந்த விமானம் வரும், எது வரவேண்டும் என்றே கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்? சிமுலேட்டருக்கு விமானம் செய்கிற ஒரு நிறுவனம் கொக்பிட்டின் (விமானி இருக்கிற அறையின்) ஒரு மூலையை மட்டும் படம்பிடித்துப் போட்டால் போதும், அதைப் பெரிதாக்கிப் பார்த்து இது எயார்பஸ் ஏ330, இல்லை ஏ340 என்று இரவிரவாக வாதாடுகிறார்கள். அந்தக் கதையில் நீங்களும் சேரவேண்டுமென்றால் ஒரு விமானம் சிமுலேட்டருக்குள் எப்படி வருகிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற நாங்கள் எதைக் கேட்கவேண்டும் என்பதும் தெளிவாகும். எனக்கு அதில் உறுதியான கருத்து ஒன்று உண்டு, போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர் 1982இலிருந்து இருக்கிறது. இப்போது எல்லோரும் பாவிப்பது 2020இல் வந்ததையும் 2024 நவம்பரில் வந்ததையும்தான். அதற்குப் போட்டியாக எக்ஸ்-பிளேன் 12 இருக்கிறது. இந்த மென்பொருள்கள் தருவது பூமி, காலநிலை, விமானநிலையங்கள், காற்றில் ஒரு பொருள் எப்படிப் பறக்கும் என்ற கணக்கு ஆகியவை. யாழ்ப்பாண விமானநிலையத்தின் குறியீடான விசிசிஜேயை அடித்தால் பலாலி வரும், ஓடுபாதையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கூடவே சில விமானங்களும் வரும். ஆனால் சிமுலேட்டர்காரர்கள் ஏங்குவது அவற்றுக்காக அல்ல, வெளி நிறுவனங்கள் தனியாகச் செய்து விற்கிற அல்லது இலவசமாகத் தருகிற விமானங்களுக்காக. அவற்றைத்தான் அட்-ஆன் என்கிறோம்.

அட்-ஆன்களுக்குள்ளேயும் தரம் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், ஏறும், இறங்கும், ஆனால் கொக்பிட்டில் பாதி சுவிட்சுகள் அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது என்று சில உண்டு. மற்றது ‘ஸ்டடி லெவல்’ என்று நாங்கள் சொல்கிற வகை. உண்மையான விமானியின் செயல்முறைக் கையேட்டைத் திறந்துவைத்து, மின்சாரமே இல்லாமல் இருட்டாக நிற்கிற விமானத்தை வரிக்கு வரி அதன்படியே உயிர்ப்பிக்கலாம். ஒரு பம்ப் பழுதானால் அதற்குப் பின்னால் எது எது நிற்குமோ அதுவெல்லாம் நிற்கும். எல்லோரும் கேட்பது இந்த இரண்டாவது வகையைத்தான், நிறுவனங்களுக்கு வருடக்கணக்கில் நேரம் எடுப்பதும் அதனால்தான்.

இதை ஒரு இடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் நன்றாக விளங்கும். சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற ஏடிஆர் 72 என்ற இரட்டைப் புரொப்பெல்லர் பயணிகள் விமானத்தை எடுங்கள். தரையில் நிற்கிற ஏடிஆர் ஒன்றைக் கவனித்தால் சில வேளைகளில் வலப்பக்க எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், ஆனால் அதன் புரொப்பெல்லர் அசையாமல் நிற்கும். பழுது ஒன்றும் இல்லை. பெரிய ஜெட் விமானங்களுக்கு வால் பகுதியில் ஒரு குட்டி எஞ்சின் இருக்கும், தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தருவது அதன் வேலை. ஏடிஆரில் அது இல்லை. பாரத்தையும் செலவையும் குறைக்க அதை விட்டுவிட்டு, வலது எஞ்சினின் புரொப்பெல்லருக்கு ஒரு பிரேக் வைத்தார்கள். புரொப்பெல்லரைப் பிடித்து நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிடலாம். இதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். எஞ்சின் ஓடும்போது புரொப்பெல்லரை எப்படி நிறுத்திவைக்க முடியும்? இந்த எஞ்சினில் காற்றை அமுக்குகிற பகுதிக்கும் புரொப்பெல்லரைச் சுற்றுகிற பகுதிக்கும் இடையில் தண்டுத் தொடர்பு கிடையாது. முன்னது தள்ளிவிடுகிற சூடான வாயு பின்னதன் டர்பைனில் பட்டுத்தான் அது சுற்றுகிறது. ஆகவே ஒன்றைப் பிடித்துவைத்தாலும் மற்றது தன்பாட்டில் ஓடும்.

இப்போது இதைச் சிமுலேட்டரில் செய்யவேண்டிய ஆளின் நிலையை யோசியுங்கள். படத்தில் புரொப்பெல்லரை நிறுத்துவது சின்ன வேலை. ஆனால் பிரேக் போட்டிருக்கும்போது எஞ்சினின் வெப்பநிலை எவ்வளவு காட்டவேண்டும், மின்பிறப்பாக்கி எந்த வேகத்தில் வேலை தொடங்கவேண்டும், பிரேக்கை விடும் வரிசையில் ஒன்றைத் தவறவிட்டால் என்ன எச்சரிக்கை வரவேண்டும் என்றெல்லாம் சரியாக வரவேண்டும். ஒரே ஒரு சுவிட்சின் கதை இது. ஒரு கொக்பிட்டில் எத்தனை சுவிட்சுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

பறக்கும் குணத்தைப் பிடிப்பது இன்னும் கடினம். எக்ஸ்-பிளேன் இறக்கையையும் புரொப்பெல்லரையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் காற்று தருகிற விசையைக் கணக்கிட்டுக் கூட்டுகிறது. அதெல்லாம் சரி, ஆனால் ஏ320 போன்ற விமானத்தில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் இடையில் கணினி இருக்கிறது. ஸ்டிக்கைப் பிடித்துச் சரித்துவிட்டுக் கையை எடுத்தால் விமானம் சரிந்த அளவிலேயே நிற்கும். தரையிறங்கும்போது 50 அடிக்கு வந்ததும் கணினி வேறு முறைக்கு மாறும், 30 அடியில் தானாகவே மூக்கை மெல்லக் கீழே விடத் தொடங்கும். ஏனென்றால் காலங்காலமாக விமானிகள் அந்த இடத்தில் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்துப் பழகியவர்கள், அந்த இழுவை இந்த விமானத்திலும் தேவைப்படும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயம் சரியாக இல்லையென்றால் உண்மையான ஏ320 விமானி முதல் தரையிறக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். 2022இல் வந்த பெனிக்ஸ் நிறுவனத்தின் ஏ320 அவ்வளவு பெயர் எடுத்ததற்குக் காரணம் விமானத்தின் அமைப்புகளையெல்லாம் சிமுலேட்டரை நம்பாமல் அதற்கு வெளியே தனி மென்பொருளாக ஓடவிட்டதுதான். பிளை பை வயர் என்ற தன்னார்வக் குழு அதே குடும்பத்து விமானத்தை இலவசமாகச் செய்து தருகிறது, அதன் மூல நிரலையே எல்லோரும் பார்க்கலாம். காசு கொடுக்க வசதியில்லாத நம்மூர் மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரி, அடுத்து எது வரும் என்று ஊகிப்பதெப்படி? நிறுவனங்கள் முதலில் பார்ப்பது விற்பனையை. உலகத்தில் எந்த விமானநிலையத்துக்குப் போனாலும் நிற்பது ஏ320 குடும்பமும் போயிங் 737உம்தான், ஆகவே அவை எப்போதும் முன்னுக்கு. பிறகு குடும்பம். ஏ320ஐச் செய்து முடித்தால் ஏ319, ஏ321 இரண்டுக்கும் பாதி வேலை முடிந்தமாதிரி, ஒருமுறை அளவெடுத்து அண்ணன் தம்பி மூவருக்கும் சட்டை தைப்பதுபோல. ஏடிஆர் 42உம் 72உம் 2023இல் மைக்ரோசொப்ட் சிமுலேட்டருக்கு ஒன்றாகவே வந்ததும் இதனால்தான். ஏ330உம் ஏ340உம் அப்படியே. இரண்டும் 1987இல் ஒரே திட்டமாகத் தொடங்கப்பட்டவை, கொக்பிட்டும் இறக்கையும் பெரும்பாலும் ஒன்றே, பெரிய வித்தியாசம் எஞ்சின் எண்ணிக்கை. அதனால்தான் மூலைப்படம் ஒன்று வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது நடுவில் இருக்கிற விசைக்கைப்பிடிகளை. இரண்டு தெரிந்தால் ஏ330, நான்கு தெரிந்தால் ஏ340. கைப்பிடி தெரியாவிட்டால் மேலே உள்ள எரிபொருள் பலகையில் பம்ப் சுவிட்சுகளை எண்ணுவார்கள். இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். ஒரு விமானத்தின் உள்ளமைப்பை இந்த மாதிரித் தேடல்களில் கற்றுக்கொண்டவர்கள் கனபேர்.

மூன்றாவது காரணத்தைப் புதியவர்கள் யோசிப்பதேயில்லை. அதுதான் தகவல். கையேடுகள் வேண்டும், பராமரிப்பு வரைபடங்கள் வேண்டும், உள்ளே மைக் வைத்து ஒலிப்பதிவு செய்ய ஓடுகிற விமானம் ஒன்று வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் செய்ததை ஓட்டிப் பார்த்து ‘இது இப்படி இருக்காது, கொஞ்சம் பாரமாக இருக்கும்’ என்று சொல்ல அதை ஓட்டிய மனிதர் வேண்டும். ஏ320க்கு இவையெல்லாம் இன்று கிடைக்கும், இன்னும் இருபது வருடம் கழித்தும் கிடைக்கும். பழைய விமானங்களுக்கு அப்படியில்லை. கையேடு கறையான் அரித்துப் போகும், கடைசி விமானம் இரும்புக்குப் போகும், ஓட்டியவர்கள் போய்விடுவார்கள்.

இதுதான் என் கருத்தின் அடிப்படை. எது கூட விற்கும் என்று நிறுவனங்கள் பார்க்கட்டும், அது அவர்கள் பிழைப்பு. கேட்கிற நாங்கள் எது கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்துக் கேட்கவேண்டும். இன்னொரு ஏ320நியோவை யாராவது செய்துகொண்டேதான் இருப்பார்கள். அதைக் கேட்டு நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

நம் பக்கத்து ஆட்களின் விருப்பங்களைக் கேட்டால் மூன்று பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒன்று ஏ340-300. இலங்கையின் தேசிய விமான நிறுவனமான எயார் லங்கா 1994இல் இதைக் கொண்டுவந்தது, பிறகு சிறிலங்கன் எயார்லைன்ஸாகப் பெயர் மாறிய பின்னும் நீண்ட காலம் ஓடியது. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் கட்டுநாயக்கவுக்கு வந்து இறங்கிய எத்தனையோ யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஊர் திரும்புவது என்றால் அந்த நான்கு எஞ்சின் விமானம்தான். நான்கு எஞ்சின் என்றாலும் அவை சிறியவை, நிறைய எரிபொருளோடு கிளம்பினால் மெல்ல மெல்லத்தான் உயரும், அந்த மெதுவான ஏற்றத்தைச் சரியாகப் பிடிப்பதே செய்கிறவருக்கு ஒரு சோதனை.

இரண்டாவது லொக்ஹீட் ட்ரைஸ்டார். எயார் லங்காவின் தொடக்க காலத்துப் பெருமை அது. 1970இல் முதலில் பறந்தது, மொத்தம் 250 மட்டுமே செய்யப்பட்டன. மூன்றாவது எஞ்சின் வாலுக்குள் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது தரையிறங்க வரும்போது நடக்கிற ஒரு வேலை. மற்ற விமானங்களில் உயரத்தைக் கொஞ்சம் திருத்தவேண்டுமென்றால் மூக்கை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். ட்ரைஸ்டாரில் இறக்கையின் மேலுள்ள ஸ்பொய்லர் பலகைகள் கொஞ்சம் எழுந்தபடி நிற்கும், விமானி ஸ்டிக்கை அசைக்கும்போது அவை ஏறி இறங்கித் தூக்குவிசையையே கூட்டிக் குறைக்கும். மூக்கு அசையாது, விமானம் மட்டும் மேலும் கீழும் நகரும். ஐம்பது வருடத்துக்கு முந்திய பொறியியல் இது. சிமுலேட்டரில் இதைச் செய்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: இந்த விமானத்துக்கு மூன்றாவது ஆளாகப் பக்கவாட்டுப் பலகையின் முன் இருக்கிற பிளைட் எஞ்சினியர் ஒருவர் வேண்டும், வீட்டில் இருந்து ஓட்டுகிறவரோ தனி ஆள். அந்த எஞ்சினியரின் வேலையைக் கணினிக்குக் கொடுப்பதா, ஓட்டுகிறவரின் தலையில் போடுவதா என்று முடிவெடுக்கவேண்டும். இரண்டுக்கும் வழி வைக்கிறவர்களே நல்ல நிறுவனம் என்பேன்.

மூன்றாவதுதான் என் முதல் தெரிவு: ஹோக்கர் சிட்லி 748. நம்மூரில் எல்லோரும் அவ்ரோ என்பார்கள்.

பலாலியின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் ஏன் என்று விளங்கும். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த இடம் அது. 1947 டிசம்பர் 10இல் எயார் லங்காவுக்கு முந்திய தேசிய நிறுவனமான எயார் சிலோனின் முதல் பயணம் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனபோது நடுவில் இங்கே இறங்கித்தான் போனது, டக்கோட்டா விமானத்தில். அறுபதுகளில் டக்கோட்டாவின் வேலையை எடுத்துக்கொள்ள வந்தது அவ்ரோ. பிறகு போர், நீண்ட இடைவெளி. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமானநிலையமாகத் திறந்தபோது சென்னையிலிருந்து வந்து இறங்கியது அலையன்ஸ் எயாரின் ஏடிஆர் 72. கோவிட் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் ஏடிஆரோடு வந்தது. ஓடுபாதை நீளம் குறைவு என்பதால் ஏ320 வர இப்போதைக்கு வழியில்லை. அதாவது டக்கோட்டா, அவ்ரோ, ஏடிஆர் என்று மூன்று தலைமுறையும் புரொப்பெல்லர்தான். இந்த வரிசையில் ஏடிஆர் சிமுலேட்டரில் நன்றாகவே இருக்கிறது, டக்கோட்டாவுக்கு உலகம் முழுக்க இரசிகர்கள் இருப்பதால் அதற்கும் குறைவில்லை. நடுவில் உள்ளதற்குத்தான் குரல் கொடுக்க ஆள் வேண்டும்.

அவ்ரோ 1960இல் இங்கிலாந்தில் முதலில் பறந்தது. அடுத்த வருடமே கான்பூரில் கட்டிய முதல் விமானமும் பறந்துவிட்டது, இந்தியாவின் எச்ஏஎல் நிறுவனம் தொடர்ந்து அதைக் கட்டியது. எஞ்சின் ரோல்ஸ் ரொய்ஸ் டார்ட். மேலே ஏடிஆரின் ஹோட்டல் மோட் பற்றிச் சொன்னேனே, டார்ட்டில் அது நினைத்தும் பார்க்க முடியாதது. இதில் எல்லாம் ஒரே தண்டு, எஞ்சின் ஓடினால் புரொப்பெல்லர் சுற்றியே தீரும். அந்தக் கீச்சென்ற ஒலியைக் கேட்டவர்களுக்கு மறக்காது. வெக்கை நாளில் காற்று மெலிந்து எஞ்சின் களைக்கும், அப்போது கிளம்பும் நேரத்தில் தண்ணீரும் மெதனோலும் கலந்த கலவையை எஞ்சினுக்குள் தெளித்து இழந்த வலுவைத் திரும்ப எடுப்பார்கள். சித்திரை வெயிலில் பலாலியிலிருந்து பாரத்தோடு கிளம்புகிற அவ்ரோவை நினைத்துப் பாருங்கள், கலவை இருக்கிறதா, எவ்வளவு நேரத்துக்குக் காணும், நடுவில் ஒரு பக்கம் நின்றால் என்ன செய்வது, அத்தனையும் விமானி மனதில் ஓடவேண்டும். இதைவிட நல்ல ஸ்டடி லெவல் எங்கே கிடைக்கும்? ஜெட் விமானத்துக்கு எழுதிய எஞ்சின் கணக்கை இதற்கு அப்படியே வைக்கவும் முடியாது, செய்கிறவர் புதிதாக எழுதவேண்டும்.

அவ்ரோ என்றதும் நம்மில் பலருக்கு வேறு நினைவுகள் வரும் என்பதும் எனக்குத் தெரியும். 1995 ஏப்ரலில் பலாலிக்கு அருகே அடுத்தடுத்த நாட்களில் இரண்டு அவ்ரோக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்தக் காலத்தில் வானத்தில் இரைச்சல் கேட்டால் பங்கருக்கு ஓடிய ஆட்கள் நாங்கள். அதனால் இந்த விமானமே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவரோடு நான் வாதாடமாட்டேன். ஆனால் பயணச்சீட்டு எடுத்து, நல்ல உடுப்புப் போட்டு, இரத்மலானைக்குப் போய்வந்த ஒரு தலைமுறையின் விமானமும் அதுதான். அந்தப் பகுதியும் எங்காவது இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

காலம் குறைவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவ்ரோவை இன்னமும் பாவித்த பெரிய படை இந்திய விமானப்படை. அதற்குப் பதிலாக 56 சி-295 போக்குவரத்து விமானங்களுக்கு 2021இல் ஒப்பந்தமாகி, 2023இலிருந்து அவை வரத்தொடங்கிவிட்டன. டார்ட் எஞ்சினின் ஒலியை உயிரோடு பதிவுசெய்யக் கூடிய காலம் முடிந்துகொண்டு வருகிறது.

புதியவருக்கு நடைமுறையாகச் சொன்னால், இலவச ஏ320இல் தொடங்குங்கள், இருட்டாக நிற்கிற விமானத்தை உயிர்ப்பிக்கப் பழகுங்கள். பிறகு ஏடிஆரை எடுத்துச் சென்னை-பலாலி ஓட்டுங்கள், ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும், கோடியக்கரையைத் தாண்டினால் கொஞ்சக் கடல், பிறகு காங்கேசன்துறைக் கரை. 2024 பதிப்பு நிலக்காட்சிகளை இணையத்திலிருந்தே இழுப்பதால் டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். டொலரில் விலைபோட்ட அட்-ஆனை வாங்கமுதல் அது உங்கள் சிமுலேட்டருக்குரிய பதிப்புத்தானா என்று இரண்டுதரம் பார்க்கவும்.

பிறகு கேட்கத் தொடங்குங்கள். நிறுவனங்களுக்கு எழுதும்போது ‘அவ்ரோ செய்யுங்கள்’ என்று ஒற்றை வரி எழுதிப் பயனில்லை. எந்த வகை, எந்தத் தடம், உங்களிடம் என்ன தகவல் இருக்கிறது என்று எழுதினால்தான் வாசிப்பார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ எயார் சிலோனில் விமானியாகவோ பொறியியலாளராகவோ வேலைசெய்த ஒருவர் இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். கையேட்டின் ஒரு அத்தியாயம், பயிற்சிக் குறிப்புக் கொப்பி, கொக்பிட்டின் கறுப்பு வெள்ளைப் படம், எதுவானாலும் சரி. பக்கத்தை மடிக்காமல் நேராக வைத்து ஸ்கான் செய்யுங்கள், படமென்றால் பின்பக்கத்து எழுத்தையும் சேர்த்து. அவர் கதைப்பதை போனில் பதிவுசெய்யுங்கள், முக்கியமாக எந்த வேகத்தில் மூக்கைத் தூக்கினார்கள், பக்கக்காற்று அடிக்கும்போது பலாலியில் எப்படி இறக்கினார்கள், மெதனோல் கலவையை எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். செய்கிறவர்களுக்குக் கையேட்டில் கிடைக்காதது அதுதான்.